அரை கிலோ சாம்பிராணி

முட்டாள்தனத்தை இரண்டு விதமாகச் செய்யலாம். யோசிக்காமல் செய்வது ஒரு விதம். அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். கணக்குப் போட்டு, சரிபார்த்து, கீழே கையெழுத்தும் போட்டுவிட்டுச் செய்வது இன்னொரு விதம். அதற்கு இன்ஜினீயரிங் படித்திருக்க வேண்டும். நான் படித்திருந்தேன்.

எழுபதுகளின் கடைசியில், தில்லியில், இரும்பாலைகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கும் ஓர் அரசு நிறுவனத்தில் நான் ஜூனியர் டிசைன் இன்ஜினீயர். (நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவர்களும் இத்தனை வருஷமாக என் பெயரை வெளியே சொல்லவில்லை.) எங்கள் பிரிவின் வேலை ஸ்டவ். சமையலறையில் இருப்பது அல்ல. இரும்பை உருக்கும் ஊதுலைக்குள் கொதிக்கிற காற்றை ஊத வேண்டும். அந்தக் காற்றைச் சூடாக்குவதற்கென்றே உலைக்குப் பக்கத்தில் பத்து மாடி உயரத்தில் மூன்று நான்கு கோபுரங்கள் நிற்கும். உள்ளே முழுக்கச் செங்கல், அடியில் ஒரு பர்னர். அதில் வாயுவை எரித்துச் செங்கல்லைப் பழுக்கக் காய்ச்சுவார்கள். பிறகு நெருப்பை நிறுத்திவிட்டு அதே செங்கல் வழியாகக் காற்றை அனுப்பினால் காற்று சூடாகி உலைக்குப் போகும். இந்தக் கோபுரத்துக்குத்தான் எங்கள் ஆபீசில் ஸ்டவ் என்று பெயர்.

எரிக்கிற வாயு உலையிலிருந்தே வெளியேறுவது. சோனி வாயு, எரியும் சக்தி குறைந்தது. காற்றோடு நன்றாகக் கலந்தால்தான் முழுசாக எரியும். கலக்காவிட்டால் ஒரு பங்கு எரியாமலே புகைபோக்கி வழியே போய்விடும், அது விஷம். காற்று வருகிற விதத்தில் கோளாறு இருந்தால் நெருப்பு துடிக்கும், நெருப்பு துடித்தால் பத்து மாடிக் கோபுரமும் கூடவே துடிக்கும், செங்கல் உதிரும். ஆகவே எங்கள் லட்சியம் இரண்டே இரண்டு. ஆடாமல் எரிய வேண்டும். முழுசாக எரிய வேண்டும். (என் மாமனாரிடம் இதை விளக்கியபோது, "நல்லதுதான் மாப்பிள்ளை, சுடுகாட்டுக்கும் இதேதான்" என்றார்.)

எங்கள் தலைவர் பட்டாச்சார்யா. எட்டு வருஷம் உழைத்துச் சொந்தமாக ஒரு பர்னரை வடிவமைத்திருந்தார். அதற்குள் காற்று வரும் பாதையை மட்டும் வரைந்தவன் நான். அந்த பர்னரை ஏற்பதா, அல்லது வெளிநாட்டிலிருந்து வரைபடம் வாங்குவதா என்று முடிவு செய்ய ஐந்து பேர் கொண்ட கமிட்டி ஒரு ஜனவரித் திங்கள்கிழமை வருவதாக இருந்தது.

கமிட்டி வேண்டாமென்றால் என்ன ஆகும் என்று நான் கேட்டதற்குப் பதில் சொன்னவர் சண்முகம் சார். மாற்றல் ஆர்டர்களைத் தயார் செய்யும் எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்ஷனில் ஹெட் கிளார்க். திருநெல்வேலிக்காரர். தில்லிக்கு வந்து இருபத்தைந்து வருஷம் ஆகியிருந்தது. இந்தி, பஞ்சாபி எல்லாம் சரளமாகப் பேசுவார். ரகசியத்தை மட்டும் தமிழில் சொல்வார்.

"என்னவே, கமிட்டி வருதாம்லா? நம்ம பர்னர் வேண்டாம்னுட்டான்னா ஒங்க செக்ஷனுக்கு மூடுவிழாதான். எல்லாரையும் இரும்பாலை ஊருக்குத் தூக்கிப் போடுதாக. ஆர்டர் டைப் அடிச்சு வச்சாச்சு. லிஸ்ட்ல ஒம்ம பேரு மூணாவது."

"டைப்பே அடிச்சாச்சா சார்?"

"தேதி மட்டுந்தான்வே பாக்கி."

எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். கரோல் பாக்கில் ஒரு மொட்டைமாடி அறையில் குடித்தனம். (பர்சாத்தி என்பார்கள். கோடையில் அதுவே ஒரு ஸ்டவ்.) மனைவி லலிதாவுக்கு மந்திர் மார்க் பக்கத்தில் தமிழ் வழிப் பள்ளியில் வேலை கிடைத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. தமிழ் படித்துப் பட்டம் வாங்கிய ஒருத்திக்குத் தில்லியில் அப்படி ஒரு வேலை கிடைப்பது லேசில்லை. இரும்பாலை ஊர் ஒன்றரை நாள் ரயில் பயணம். மாற்றல் வந்தால் என்ன செய்வது என்று மெதுவாகக் கேட்டேன். "நீங்க லீவுக்கு லீவு வந்துட்டுப் போங்க" என்றாள். அதாவது, அவளும் ஆர்டரை டைப் அடித்து வைத்துவிட்டாள்.

ஆகவே பர்னர் ஜெயித்தாக வேண்டும். கமிட்டிக்குக் காட்டுவதற்காக, ஆபீசுக்குப் பின்னாலிருந்த ஷெட்டில், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு மாதிரிக் கோபுரம் செய்து நிறுத்தியிருந்தோம். அதில் நெருப்பு கிடையாது. வாயு வரவேண்டிய குழாயில் புகையும், காற்று வரவேண்டிய குழாயில் வெறும் காற்றும் விடுவோம். இரண்டும் பர்னருக்கு மேலே எப்படிக் கலக்கின்றன என்று வெளியிலிருந்து பார்க்கலாம். புகை கோடு கோடாகப் போனால் தோல்வி. பால் மாதிரி ஒரே சீராகப் பரவினால் வெற்றி.

வியாழக்கிழமை புகை போடும் இயந்திரத்தின் ஹீட்டர் காயில் எரிந்து போனது. ஸ்டோர்ஸில் கேட்டோம். மூன்று கொட்டேஷன் வாங்கி, நிதிப் பிரிவின் ஒப்புதல் கிடைத்தால் மார்ச்சுக்குள் வந்துவிடும் என்றார்கள். அவர்கள் அளவில் அது அவசரம்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் லலிதா தலைக்குக் குளித்துவிட்டு, தூபக்காலில் கரியைப் போட்டு, சாம்பிராணி தூவி, பிரம்பு மோடாவில் உட்கார்ந்து தலைமுடியை அதன்மேல் சரித்துக்கொண்டிருந்தாள். வெள்ளை வெளேரென்ற புகை ஒவ்வொரு இழைக்கு நடுவிலும் புகுந்து, கலந்து, சீராக மேலே போயிற்று. எட்டு மாதக் கணவன் வேறு எவனாக இருந்தாலும் வேறு எதையாவது பார்த்திருப்பான். நான் கலவையைப் பார்த்தேன்.

"லலிதா! இதுதான்! இந்தப் புகைதான்!"

அவள் பயந்து எழுந்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "சாம்பிராணிக்கு அனல்தாங்க வேணும், நெருப்பு கூடாது. விசிறக் கூடாது. ஒரு சிட்டிகை, அது அடங்கினதும் இன்னொரு சிட்டிகை. மொத்தமாப் போட்டா பத்திக்கும்."

எதை எரித்தால் எப்போது பற்றும் என்று எனக்கே பாடம். நான் அதற்காகச் சம்பளம் வாங்குகிறவன். புன்னகை செய்தேன். (அந்தப் புன்னகையை இன்று நினைத்தாலும் அன்றைய என்னை ஓர் அறை விடத் தோன்றுகிறது.)

சனிக்கிழமை காலை ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் ஒரு சின்னப் பொட்டலம் வாங்கிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். வனஸ்பதி டின் ஒன்றில் ஓட்டை போட்டு, கரி நிரப்பி, ரப்பர் குழாயால் மாதிரியோடு இணைத்தேன். ஊதும் மின்விசிறி டின்னுக்குள்ளிருந்து புகையை இழுத்துக் கோபுரத்துக்குள் தள்ளும். விசிறியைப் பாதி வேகத்தில் ஓட்டினோம். முழு வேகத்தில் ஓட்டினால் பக்கத்து ஆபீசிலிருந்து சத்தம் போடுவார்கள். இரண்டு ஸ்பூன் போட்டதும் கோபுரத்துக்குள் பால் பொங்கியது. ஒரு கோடு இல்லை. பட்டாச்சார்யா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"அபூர்வம், ஷுந்தொரம்! ஆனால் கொஞ்சம் மெல்லிசு. கமிட்டித் தலைவர் கபூர் சாபுக்குக் கண் அவ்வளவாகத் தெரியாது. கொஞ்சம் கூட்டு."

கொஞ்சம் என்பது இன்ஜினீயருக்கு ஓர் அளவு அல்ல. ஞாயிற்றுக்கிழமை ஸ்லைடு ரூலோடு உட்கார்ந்தேன். லலிதாவின் ஒரு சிட்டிகையை எடை போட்டேன். எங்கள் அறையின் கன அளவு, விசிறி முழு வேகத்தில் தள்ளும் காற்று, காட்சி நடக்கும் பத்து நிமிஷம், கபூர் சாபின் கண்பார்வை எல்லாவற்றையும் பெருக்கினேன். நானூற்று எண்பத்து நான்கு கிராம் வந்தது. பாதுகாப்புக்காக ஐந்நூறு என்று முழுசாக்கினேன். பாதுகாப்புக்காக என்று காகிதத்தில் எழுதியும் வைத்தேன்.

மார்க்கெட்டில் கடைக்காரர் கேட்டார்: "அரை கிலோவா? எந்தக் கோயில் சார் கும்பாபிஷேகம்?"

"கோயில் இல்லை. ஆபீசுக்கு."

அவர் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டே, "அவ்வளவு மோசமாவா இருக்கு?" என்றார்.

திங்கள்கிழமை காலை பதினொரு மணிக்குக் கமிட்டி வந்தது. ஐந்து நாற்காலிகள். நடுவில் கபூர் சாப்: கம்பளிக் கோட்டு, கழுத்தைச் சுற்றி மஃப்ளர், ஒரு மாதமாக அடைத்துக்கொண்ட மூக்கு. டின்னுக்குப் பக்கத்தில் எங்கள் லேப் அட்டெண்டர் ராம்சரண். ஓய்வுபெற மூன்று வருஷம் பாக்கி இருந்தவர். சொன்னதைச் சொன்னபடி செய்வதில் அந்தக் கட்டிடத்தில் அவருக்கு நிகரில்லை. விசிறிச் சத்தத்தில் பேச்சு கேட்காது என்பதால் சைகைகள் பேசி வைத்திருந்தேன். நான் ஒரு கையைத் தூக்கினால் ஒரு கரண்டி. கடைசிக் கட்டத்தில் இரண்டு கைகளையும் தூக்கினால் மீதி முழுவதும். இரண்டு முறை ஒத்திகையும் பார்த்தோம்.

அதன்பின் நடந்ததை நிமிஷக் கணக்கோடு சொல்ல முடியும். ஏனென்றால் பிறகு அதை நான்தான் அறிக்கையாக எழுத வேண்டியிருந்தது.

11.12. விசிறி ஓடியது. ஒரு கை. ஒரு கரண்டி. புகை எழுந்து, கலந்து, சீராக மேலே போயிற்று. கபூர் சாப் முன்னால் குனிந்து பார்த்தார். தலையாட்டினார்.

11.14. முழு வேகம். பட்டாச்சார்யா கையை நீட்டி, "கவனியுங்கள், எவ்வளவு ஸ்திரமாக" என்று கத்தத் தொடங்கினார். கோபுரம் "ம்ம்ம்" என்றது. முதலில் யாரோ பாடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். பிறகு புகை மேலே போவதை நிறுத்திவிட்டு, மேலும் கீழுமாக மூச்சு விட ஆரம்பித்தது. இரண்டு ஆள் உயரக் கோபுரம் சாமி வந்தது மாதிரி ஆடியது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மூட்டுகளின் இடுக்கிலிருந்து ஒரு வாய் புகை கமிட்டியின் முகத்தில் வந்து விழுந்தது.

நிறுத்தச் சொல்ல வேண்டும். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மனிதன் ஆதிகாலத்திலிருந்து இந்த மாதிரிச் சமயத்தில் என்ன செய்வானோ அதையே நானும் செய்தேன்.

இரண்டு கைகளையும் தூக்கினேன்.

ராம்சரண் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு சந்தேகம் ஓடியதைப் பார்த்தேன். ஆனால் சொன்னது சொன்னதுதான். பொட்டலத்தைக் கவிழ்த்தார்.

விசிறி முழு வேகத்தில் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. டின்னின் அடியில் கரி துருத்தி வைத்த மாதிரி செக்கச் செவேலென்று கனன்றுகொண்டிருந்தது. அதன்மேல் ஏறக்குறைய அரை கிலோ பிசின். என்னை அறியாமல் நான் அங்கே ஒரு குட்டி ஊதுலையைக் கட்டி வைத்திருந்தேன். 11.15க்கு அது "குப்" என்று பற்றிக்கொண்டது.

"சாப்! ஆக்! ஆக் லக் கயி!" என்று ராம்சரண் கத்தினார். நெருப்பு என்பதை அறிவிக்கத் தேவையிருக்கவில்லை. ரப்பர் குழாய் எரிந்து சேர்ந்துகொண்டது. கோபுரத்துக்குள் வெள்ளைப் புகை கறுப்பாயிற்று. முழு எரிதலைக் காட்டுவதற்காகக் கட்டிய மாதிரியின் உட்சுவர் முழுக்க, அரைகுறையாக எரிந்ததன் அத்தாட்சியாகப் பிசுபிசுவென்று கரி படிந்தது. அடிப்பக்கத்துப் பிளாஸ்டிக் இளகி, எட்டு வருஷ உழைப்பு இடுப்பை ஒடித்துக்கொண்டு மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

சுவரில் சிவப்பு வாளிகள் வரிசையாகத் தொங்கின. முதல் வாளியில் மணலுக்குப் பதில் பீடித் துண்டுகள். இரண்டாவதில் வெற்றிலை எச்சில். மூன்றாவதில் தண்ணீர் இருந்தது. அதை ராம்சரண் கனலும் கரிமேல் ஒரே வீச்சாக ஊற்றினார். உள்ளிருந்த சாம்பல் அனைத்தும் எழுந்து நின்று, ஷெட்டை ஒரு சுற்று பார்த்துவிட்டு, கமிட்டியின்மேல் இறங்கியது.

எல்லோரும் வெளியே ஓடினோம். ஜனவரி வெயிலில், புல்தரையில், ஐந்து பெரிய மனிதர்கள் நெற்றி நிறைய விபூதியோடு இருமிக்கொண்டு நின்றார்கள். அவ்வளவு பேர்மேலும் ஒரே அளவு வாசனை. கலவை என்னவோ சீராகத்தான் நடந்திருந்தது.

கபூர் சாப் இருமி முடித்தார். பிறகு நின்றார். மூக்கால் ஒரு மூச்சு இழுத்தார். நம்பாமல் இன்னொன்று இழுத்தார்.

"இது என்ன சாமான்?" என்று என்னைக் கேட்டார்.

"சாம்பிராணி சார். எங்கள் பக்கத்தில் பெண்கள் தலைமுடி காயப் போடுவது."

"அச்சா." மூன்றாவது மூச்சு. "ஒரு மாதமாக மூக்கு அடைத்திருந்தது. சரி. ஒரு கேள்வி. நிஜ ஸ்டவ்வும் இப்படி ஆடுமா?"

பட்டாச்சார்யா அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். ஆடாது என்று சொல், தீப்பிடித்ததால் ஆடியது என்று சொல் என அவர் கண்கள் என்னைக் கெஞ்சின. சொல்லியிருக்கலாம். ஐந்து பேரும் நம்பியிருப்பார்கள். கோபுரத்துக்கு அது கௌரவமான சாவாகவும் இருந்திருக்கும். ஆனால் பொய் சொல்ல மூச்சு வேண்டும். எனக்கு அது இல்லை.

"ஆடும் சார்" என்றேன். "தீப்பிடிப்பதற்கு முன்பே ஆட ஆரம்பித்துவிட்டது. காற்று ஒரே பக்கத்திலிருந்து வந்து ஒரு முனையில் திடுக்கென்று திரும்புகிறது. அங்கே சுழித்து, விட்டு விட்டு வருகிறது. பாதி வேகத்தில் தெரியவில்லை. முழு வேகத்தில் தெரிகிறது."

"அந்தக் காற்றுப் பாதையை வரைந்தது யார்?"

"நான்தான் சார்."

கபூர் சாப் மஃப்ளரால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறிப் போனார்.

அன்று மாலை மாடிப்படி ஏறும்போதே லலிதா கதவைத் திறந்துவிட்டாள். வாசனை எனக்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்திருந்தது.

"எவ்வளவு போட்டீங்க?"

"அரை கிலோ."

"அரை கிலோவா! கரோல் பாக் முழுக்கத் தலை காய வச்சிருக்கலாமே!" என்றவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆர்டர் வந்துருமா?" என்றாள். தெரியவில்லை என்றேன். அவள் வெந்நீர் வைக்கப் போனாள்.

மூன்று நாள் பட்டாச்சார்யா என்னோடு நேராகப் பேசவில்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் ராம்சரண் மூலமாகச் சொன்னார். எதிர் எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு நடுவில் ராம்சரண் நின்று, "அறிக்கை எங்கே என்று சாப் கேட்கிறார்" என்பார். நான் நான்கு பக்கம் எழுதினேன். எதையும் மறைக்கவில்லை, இரண்டு கைகளையும் தூக்கியது உட்பட. (பின்னாளில் நான் இன்ஜினீயரிங்கை விட்டுப் பத்திரிகைக்குப் போனதற்கு அந்த நான்கு பக்கம்தான் காரணம் என்பது லலிதாவின் கட்சி. "எரிக்கத்தான் தெரியல, எரிஞ்சதை எழுதத் தெரிஞ்சுது" என்பாள்.)

வெள்ளிக்கிழமை சண்முகம் சார் கேன்டீனில் என்னை ஓரமாக இழுத்துப் போனார்.

"கமிட்டி முடிவு வந்துட்டுவே. 'வடிவமைப்பில் குறை கண்டறியப்பட்டுள்ளது. மேலும் ஆய்வு தேவை.' ஒங்க செக்ஷன் இன்னும் ரெண்டு வருசம் இங்கனயே இருக்கும்."

"அப்ப மாற்றல் ஆர்டர்?"

"கிழிச்சாச்சு. ரெண்டையும்."

"ரெண்டா?"

அவர் டீயை உறிஞ்சினார். "வேண்டாம்னா செக்ஷனை மூடி அனுப்புத ஆர்டர் ஒண்ணு. சரின்னுட்டா பர்னரைக் கொண்டு போய் அங்க மாட்டுறதுக்கு ஆள் வேண்டாமா? அதுக்கு ஒண்ணு. மூணு வருசத்துக்கு. அந்த லிஸ்ட்ல ஒம்ம பேருதாம்வே மொதல்ல இருந்துச்சு."

"இதை ஏன் சார் முன்னாடியே சொல்லலை?"

"நீரு தோத்தா என்னன்னுதானே கேட்டீரு? ஜெயிச்சா என்னன்னு கேக்கலையே."

ஜெயித்திருந்தாலும் போயிருப்பேன், தோற்றிருந்தாலும் போயிருப்பேன். தில்லியில் இருக்க ஒரே வழி, இரண்டுக்கும் நடுவில் தீப்பிடிப்பது. அதை என் சொந்த அறிவாலேயே கண்டுபிடித்திருந்தேன், ஐந்நூறு கிராம் அளவில்.

நான்காம் நாள் பட்டாச்சார்யா பேச ஆரம்பித்தார். காற்றுப் பாதையைக் கிழித்துப்போட்டுவிட்டு மறுபடி வரைந்தோம். ஒரே பக்கத்திலிருந்து வந்த காற்றைச் சமமாகப் பிரித்து, சின்னச் சின்ன வாய்களாக ஆக்கி, வாயுவின் இரு புறமும் விட்டோம். புதிய மாதிரியை ஒவ்வொரு தடவையும் முழு வேகத்தில்தான் ஓட்டிப் பார்த்தோம். பக்கத்து ஆபீஸ் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. புகைக்கு முறைப்படி மூன்று கொட்டேஷன் வாங்கிய இயந்திரம். இரண்டு குளிர்காலம் ஓடியது. கபூர் சாப் மறுபடி வந்து பார்த்து, தலையாட்டி, போகும்போது "அந்தப் பழைய சாமான் இருக்கிறதா?" என்று என் காதோடு கேட்டார். மறுநாள் நூறு கிராம் அனுப்பி வைத்தேன். (ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம் என்று சீட்டும் எழுதி வைத்தேன்.)

அதற்குள் ஸ்டவ்வை நிறுவ இரும்பாலையிலேயே ஆட்கள் தேறிவிட்டார்கள். முதல் தடவை பற்றவைக்கிற அன்று பக்கத்தில் இருப்பதற்காக என்னை மூன்று வாரம் மட்டும் அனுப்பினார்கள். அடியில் ஒரு சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நெருப்பு நின்று எரிந்தது. புகைபோக்கி வாயுவைச் சோதித்தவர், எரியாத மிச்சம் எதுவும் இல்லை என்றார். கோபுரத்தின் இரும்பு உடம்பில் உள்ளங்கையை வைத்தேன். வெதுவெதுவென்று இருந்தது. அசைவு இல்லை. கொஞ்சம் கூடுதல் நேரமே கையை வைத்திருந்தேன்.

அன்று லலிதாவுக்கு டிரங்க்கால் போட்டேன். கீழ்வீட்டுப் பஞ்சாபி அம்மாளின் போன். மூன்று மணி நேரம் காத்திருந்து லைன் கிடைத்தது.

"லலிதா, எரியுது! ஆடவே இல்லை!"

இரைச்சலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் வந்தது. "வாசனை வருதா?"

"என்னது?"

"வாசனை! ஏதாவது வாசனை வருதா?"

மூக்கால் இழுத்துப் பார்த்தேன். "இல்லை."

"அப்ப முழுசாத்தான் எரியுது. வெச்சிடவா?"

எட்டு வருஷமும் இரண்டு குளிர்காலமும் கொண்ட தத்துவத்தை அவள் மூன்று நிமிஷ டிரங்க்காலில் ஒரு நிமிஷம் மிச்சம் வைத்துச் சொல்லி முடித்துவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்தக் காரியம் முடிந்தாலும் கேள்வி இரண்டுதான். ஆடாமல் முடிந்ததா? வாசனை வராமல் முடிந்ததா? கரோல் பாக்கிலேயே பிறந்து வளர்ந்த எங்கள் மகளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க இன்றும் ஐந்து நிமிஷம் ஆகும். இந்த இரண்டு கேள்விகள் மட்டும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

அவள் கார் லைசென்சுக்கு டெஸ்ட் கொடுத்துவிட்டுப் பூத்திலிருந்து போன் செய்தாள்.

"அப்பா, டெஸ்ட் ஹோ கயா. முடிஞ்சுது."

"ஆடாம?"

"கொஞ்சம்தான் ஆடிச்சு."

"வாசனை?"

"கிளட்ச் எரியற வாசனைப்பா. எக்ஸாமினர் இறங்கி வெளியே நின்னுட்டார்."

அதை அப்படியே உரக்கத் திருப்பிச் சொன்னேன். சமையலறையிலிருந்து லலிதாவின் குரல் வந்தது.

"'மேலும் ஆய்வு தேவை'ன்னு எழுதிட்டாராமா?"